பூஜ்யம் புள்ளி பூஜ்யம்

ஐந்தாவது மாடியில் கை வழுக்கியது.
லிஃப்ட் குழிக்குள் அது போன சத்தம் நான்கு முறை கேட்டது:
பிராக்கெட்டில் ஒன்று,
கேபிளில் ஒன்று,
எதில் என்று தெரியாமல் ஒன்று,
கடைசியாகத் தரை.
விழும்போது எரிந்துகொண்டேதான் போனது.

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே மாட்டியிருந்த பையனிடம்
ஆறுதலாக எதுவும் சொல்ல முடியவில்லை.
வெளிச்சத்துக்காக செல்போனை வாயில் கவ்வியிருந்தேன்.
"அண்ணே, பிரியாணி ஆறுது."
ம்.
"அண்ணே, கஸ்டமர் திட்டுவாரு."
ம்.
புரசைவாக்கத்தில் அவனை வெளியே எடுத்தபோது
பொட்டலம் இன்னும் சூடாகத்தான் இருந்தது.
குழியில் இறங்கி டார்ச்சை எடுத்தேன்.
பக்கத்தில் ஒற்றைச் செருப்பு, யாருடைய சாவியோ.

ராயபுரம், இரவு பதினொன்று.
பின்மூடியைத் திருகினால் மணலைக் கடித்த மாதிரி நெறநெறப்பு.
செல்லை நாளிதழ் மேல் உருட்டினேன்.
நீலச் சட்டையில் நகக்கண் அளவு கிழிசல்.
பள்ளம் இல்லை. உப்பல் இல்லை. வாடையும் இல்லை.
(ஒருமுறை முபாரக்கின் பைக்குள்
நெயில் பாலிஷ் வாசம் அடித்தது.
பையோடு தூக்கி மொட்டைமாடியில் வீசினோம்.)

பவுலின் லேபிலிருந்து வந்து கை கழுவி
இரண்டு விரலை அதன்மேல் வைத்தாள்.
"காய்ச்சல் இல்ல.
ஒரு மணி நேரம் அப்சர்வேஷன்ல வை."
கற்றாழை செத்துப்போன தொட்டியில்
வாசலுக்கு வெளியே மண்மேல் படுக்கவைத்துவிட்டு
நெத்திலிக் குழம்பு சாப்பிட்டோம்.
நடுவில் இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்தேன்.
மூன்றாவது முறை அவள் போனாள்.

பிறகு மீட்டர்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம்.
காலையில் முழுசாக ஏற்றிய செல்.
முனைகளை மாற்றி வைத்தேன், பூஜ்யம்.
மீட்டர் மேலேயே சந்தேகம் வந்து
சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்தேன்.
ஒன்று புள்ளி நாலு.
மீட்டர் யோக்கியம்.

முபாரக்குக்கு வடபழனியில் ராத்திரி டூட்டி.
"அடி பட்டா உள்ள இருக்குற சின்ன போர்டு
கதவைச் சாத்திக்கும்டா. செத்துடுச்சுன்னு எழுதிடாத.
கிழிசலுக்கு டேப் ஒட்டு. சார்ஜர்ல காட்டு, தொறக்கும்.
தொறந்தா கூடவே உட்காரு,
விட்டுட்டுப் படுக்காத."

சார்ஜரில் பச்சை மினுங்கியது, அணைந்தது,
சிவப்பு வந்து நின்றது.
மீட்டரில் நாலு புள்ளி ஒன்று.

வேகம் கூடினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்து
நின்றுவிடும் லிஃப்ட்.
"மறுபடி ரிப்பேரா?" என்று கேட்கும் அசோசியேஷன் செயலாளர்கள்.
ரிப்பேர் இல்ல சார், அதுதான் அதோட வேலை
என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
அதையே ஒரு செல் என்னிடம் சொன்னபோது
செத்ததாக முடிவுகட்டி, பாதி துக்கமும் கொண்டாடிவிட்டேன்.

ஆனாலும் டார்ச் எரியவில்லை.

பின்மூடியை ஒதுக்கிவிட்டு
செல்லின் அடியையும் உடம்பின் விளிம்பையும்
ஒரு துண்டு ஒயரால் தொட்டேன்.
பளீரென்று என் கண்ணிலேயே அடித்தது.
அப்படியென்றால் தலை நல்ல தலை, செல் நல்ல செல்,
கோளாறு வாலில்.
சுவிட்சைப் பிடித்திருக்கும் வளையம் அரைச்சுற்று தளர்ந்து,
ஸ்பிரிங் ஒரு பக்கமாகக் குந்தியிருந்தது.
"புருவம் எடுக்குறது அது" என்று பவுலின் கத்துவதற்குள்
அவளுடைய ட்வீசரால் வளையத்தை இறுக்கி
ஸ்பிரிங்கை நிமிர்த்திவிட்டேன்.

டக்.
சுவரில் வட்டம்.
வட்டத்தின் குறுக்கே மெல்லிய கறுப்புக்கோடு:
கண்ணாடியில் விரிசல்.
கோடு பல்லியின் மேல் விழுந்தது. அது நகரவில்லை.
பவுலின் பழைய லேபின் அடையாள அட்டைப் பட்டையை வெட்டி
டார்ச்சின் வாலில் கட்டினாள்.
"இதை மணிக்கட்டுல போடு. இல்லன்னா அடுத்த தடவை
உன்னைத்தான் மண்ணுல வைப்பேன்."

காலையில் நிதானமாகக் காபி குடித்தேன்.
மணி பன்னிரண்டு பத்து என்றது சுவர்.
பேட்டரி இன்னும் மேடையில்,
மீட்டருக்குப் பக்கத்தில் கிடந்தது.